தலை உள்ளே இருக்கும் ஆமை

1

இந்தக் கதை ஒரு கட்டைவிரலில் தொடங்கியது. என்னுடையதுதான், நகம் இன்னும் நீலமாக இருக்கிறது. ஆனாலும் ‘அவன்’ என்றே எழுதப்போகிறேன். அடி வாங்கியது வேறு யாரோ என்றால் நீங்களும் தாராளமாகச் சிரிக்கலாம்.

2

முதல் வரி: ‘கல்லுக்குள் ஒரு குதிரை காத்திருந்தது.’

(அழகான பொய். மொழிபெயர்ப்பு நாவல்களாக வாசித்துத் தள்ளினால் இப்படித்தான் வரும். கல்லுக்குள் கல்தான் இருந்தது.)

3

வேலை கிடைத்து வேறு ஊருக்குக் கிளம்பும் அக்காவிடம், தன் கையால் ஒரு சிலை செதுக்கித் தருவதாக அவன் ஜம்பமாகச் சொல்லிவிட்டான்.

“நீ ஆரம்பிச்சு எதைடா முடிச்சிருக்க?” என்றாள் அக்கா.

(பாதியில் நிற்கும் என் நாவல்கள் அத்தனையையும் வாசித்தவள் அவள் ஒருத்திதான்.)

அந்த ரோஷத்தில் மாக்கல் வாங்கினான். நகத்தால் கீறினாலே கோடு விழும் மிருதுவான கல். உளியைச் சாய்த்துப் பிடித்தால் செதில் செதிலாக உதிரும். அவனோ சுவரில் ஆணி அடிப்பதுபோல் நேராக நிறுத்தி அடித்தான். குதிரைக்குக் கால்கள் போயின. சரி, படுத்திருக்கும் நாய் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். காதுகள் போயின. உடைவதற்கென்று எதையும் நீட்டிக்கொண்டிருக்காத பிராணி எது என்று யோசித்தபடி, பால்கனித் தூசிக்கு நடுவே, அவன் ஆன்மா சிலிர்த்த அந்தக் கணத்தில்—

(இந்த வாக்கியத்தைக் கைவிடுகிறேன். ஆமை. அவ்வளவுதான்.)

4

பெட்டி கட்டிக்கொண்டிருந்த அக்கா, கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னடா இது?”

“ஆமை.”

“தலை எங்க?”

“உள்ள இழுத்துக்கிச்சு.”

“காலு?”

“அதுவுந்தான். கொஞ்சம் பயந்த சுபாவம்க்கா.”

ஓட்டின் முன்னால் துருத்திக்கொண்டிருந்த மேட்டை அவள் விரலால் தடவினாள். “தலைக்குன்னுதான இதை விட்டு வெச்சிருக்க?”

“அடிச்சா உடைஞ்சிரும்.”

“உடைஞ்சா உடைஞ்சதை எடுத்துட்டுப் போறேன். இப்படியேன்னா எனக்கு வேணாம். உன் நாவலுங்க பக்கத்துலயே வெச்சுக்க.”

5

இனி முடிவு. தலை அழகாக வந்தது. (நீங்கள் நம்பமாட்டீர்கள்.) தலை உடைந்தது, அக்கா கண்கலங்கினாள். (அவளா? விழுந்து விழுந்து சிரிப்பாள்.) ஆகவே முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன் என்று எழுதி அவளிடம் காட்டினேன்.

“அவங்க என்னடா பாவம் பண்ணாங்க? உளி அவங்க கையிலயா இருக்கு?”

வாசலில் கார் ஹாரன் அடிக்கிறது. பெட்டியில் ஒரு மூலையைக் காலியாக விட்டு, மூடாமல் நிற்கிறாள்.

எழுதும் கையும் சுத்தியல் பிடிக்கும் கையும் எனக்கு ஒன்றுதான். ஆகவே இந்த வாக்கியம் பாதியில் நின்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள். உளியைச் சாய்த்துப்