தலைப்பிரசவத்து ரப்பிஷ்

சங்கரன்கோவிலில் வெள்ளத்துரை வீட்டு வாசலில் கிடந்த ரப்பிஷை டிராக்டரில் ஏற்றிக்கொண்டுபோய் ஓடையில் தட்டிய அன்று, அவருடைய மகள் அபிதாவின் வயிற்றில் இருந்த பிள்ளை அசைவதை நிறுத்திக்கொண்டது. மறுநாள் அதே ரப்பிஷைத் திரும்ப அள்ளிவந்து அதே வாசலில் இறக்கியதும் உதைத்தது. உடைந்த செங்கல், காரைக்கட்டி, டைல்ஸ் சில்லு, துருப்பிடித்த கம்பி, பாதி பேசின் எல்லாம் சேர்ந்த கலவையைத்தான் கொத்தனார்கள் ரப்பிஷ் என்பார்கள். வீட்டை இடிக்கிற எல்லாரிடமும் அது மிஞ்சும். அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று இடிப்பதற்கு முன்னாலேயே யோசித்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

இடிக்கச் சொன்னது அபிதாவின் தாய் தங்கத்தாய். மகளுக்கு முதலில் தரித்தது மூன்றாம் மாதத்திலேயே கலைந்து போயிருந்தது. அடுத்தது தங்கியதும் தங்கத்தாய்க்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரப்போகிறவள் மாடிப்படி ஏறியா பாத்ரூமுக்குப் போவாள் என்று, அடுப்பங்கரையை ஒட்டிய சுவரை எடுத்துவிட்டுக் கீழேயே வெஸ்டர்ன் டாய்லெட்டோடு ஓர் அறை போட முடிவெடுத்தாள். பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டில் சுவரை இடிக்கக்கூடாது, ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அபிதா அப்போது புளியங்குடியில் புருஷன் வீட்டில் இருந்தாள். அப்படியானால் ஆணியடிக்கக்கூடாதது புளியங்குடி வீட்டில்தான், இங்கே எவள் பிள்ளைத்தாச்சி என்று தங்கத்தாய் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வளைகாப்புக்குள் முடித்து வாசலைக் கூட்டிக் கொடுத்துவிடுவதாகக் கொத்தனார் ஜெபசிங் வாக்குக் கொடுத்தார். கொத்தனார் வாக்கைப் பற்றி வீடு கட்டியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பாதியில் ராயகிரியில் வேறொரு வேலையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். வளைகாப்பு முடிந்து அபிதா கை நிறைய வளையலோடு வந்து இறங்கியபோது, இடித்துப் போட்டது ஜன்னல் உயரத்துக்குக் கிடந்தது. அவள் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி உள்ளே நுழைந்தாள். வேலை முடியாத வீட்டுக்குள் மகள் காலெடுத்து வைத்ததைப் பார்த்ததும் தங்கத்தாய் ஜெபசிங்கைத் தேடி ராயகிரிக்கு ஆள் அனுப்பினாள்.

ஜெபசிங் ஒருவழியாகத் திரும்பி வந்து அறையை முடித்த பிறகு, டிராக்டர் வைத்திருந்த ஷேக் ஃபரீத் வந்து ரப்பிஷை அள்ளினார். குருவிகுளம் போகிற வழியில், இங்கே குப்பை கொட்டாதீர் என்று போர்டு வைத்த ஓடை ஒன்று உண்டு. அந்த போர்டை அடையாளம் வைத்துத்தான் எல்லாரும் கொட்டுவார்கள். ஷேக் ஃபரீத் அங்கே தட்டிவிட்டுத் திரும்புவதற்குள் அபிதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வலி இல்லை, ஒன்றுமே இல்லை என்பதுதான் பயம். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா, துடிப்பு இருக்கிறது, பிள்ளை தூங்குகிறது, இனிப்பாக ஏதாவது குடிக்கச் சொல்லுங்கள் என்றார். குடித்தாள். கோமதியம்மன் கோவில் புற்றுமண்ணை வயிற்றில் தடவினார்கள். பிள்ளை அசையவில்லை. விடிந்ததும் தங்கத்தாய் புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, அந்த ரப்பிஷ திரும்ப அள்ளிட்டு வரச் சொல்லுங்க."

வெள்ளத்துரை கூட்டுறவு சங்கத்தில் எழுத்தர். ஸ்கேனை நம்புகிறவர். "ஏட்டி, உனக்கென்ன கிறுக்கா? கொட்டுனத எவனாவது அள்ளுவானா?"

"பிள்ள அசையல. நான் வேற எங்க போயி முட்டிக்கிட?"

அவர் ஷேக் ஃபரீத்துக்குப் போன் போட்டார். ஷேக் ஃபரீத்தான் உள்ளபடியே சிக்கலைச் சொன்னார். "அக்கா, ஓடைல ஊரு வீட்டு இடிசலெல்லாம் கெடக்கு. நம்மது எதுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க?" தங்கத்தாய் டிராக்டரில் ஏறிக்கொண்டாள். ஓடையில் குத்தவைத்து உட்கார்ந்து, தன் அடுப்பங்கரைப் புகை படிந்த காரையை, தான் தேர்ந்தெடுத்த நீலப் பெயின்ட் ஒட்டியிருந்த கல்லை, ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டியில் போட்டாள். பிறர் வீட்டுக் கல் ஒன்று கலந்துவிடுமோ, தன் வீட்டுக் கல் ஒன்று விட்டுப்போகுமோ என்று எடுத்ததையே மறுபடி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சாயங்காலம் வாசலில் இறக்கியபோது, உள்ளே அபிதா வளையல் குலுங்கச் சிரித்த சத்தம் கேட்டது. தங்கத்தாய் ரப்பிஷ் மேலேயே உட்கார்ந்து அழுதாள்.

வெள்ளத்துரை ஒருமுறை சோதித்துப் பார்த்தார். யாரிடமும் சொல்லாமல் ஒரு சாக்கு ரப்பிஷை ஸ்கூட்டரில் வைத்து பஸ் ஸ்டாண்ட் வரை போனார். பிள்ளை வலது பக்கம் மட்டும் உதைக்கிறது, இடது பக்கம் சத்தமே இல்லை என்று வீட்டிலிருந்து போன் வந்தது. திரும்பிவந்து சாக்கைக் கவிழ்த்தார். அதன்பிறகு அவர் ஸ்கேன் பேச்சை எடுக்கவில்லை. தார்ப்பாய் வாங்கி மூடினார்கள். மழையில் மணல் கரைந்து தெருவோர வாறுகாலில் ஓடினால் தங்கத்தாய் முறத்தோடு பின்னாலேயே ஓடினாள். அடுப்புக்கு அண்டை கொடுக்கவும், ஆட்டோ சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கவும் தெருக்காரர்கள் கேட்காமல் எடுத்துப்போன கல்லையெல்லாம் வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினாள். விஷயம் தெரிந்தபின் எவரும் முகம் சுளிக்கவில்லை, கழுவிக்கூடக் கொடுத்தார்கள். எதிர்வீட்டு காசிராஜனுக்கு மட்டும்தான் கார் வெளியே வர வழியில்லை. அவர் பாவம், ரப்பிஷைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி நடந்தே கடைக்குப் போனார். தங்கத்தாய் ராத்திரியும் பகலும் கவலைப்பட்டது இன்னொன்றைப் பற்றி. வலி கண்டால் மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாசலை விட்டு ரப்பிஷ் போனாலும் சரி, ரப்பிஷை விட்டு மகள் போனாலும் சரி, நடுவில் விழுகிற தூரம் ஒன்றுதானே.

ஆடித்தபசுத் திருவிழாவுக்காகத் தெருக்களைச் சுத்தம் செய்ய ஆரம்பித்தார்கள். நகராட்சி சூப்பர்வைசர் வந்து, வாறுகால் அடைத்துக்கொண்டிருக்கிறது, திங்கட்கிழமை ஜேசிபி வரும், அள்ளிக்கொண்டுபோய் விடுவோம் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. தங்கத்தாய் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டும் பயனில்லை. திங்கட்கிழமை நல்ல வெயிலில் ஜேசிபி தெருவுக்குள் நுழைந்து கையை உயர்த்தியபோது, உள்ளே அபிதா "அம்மா" என்று கத்தினாள். பனிக்குடம் உடைந்திருந்தது.

தங்கத்தாய் ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றாள். "அள்ளுங்க, ஆனா நீங்க கொண்டுபோவ வேண்டாம், ஃபரீத் தம்பி டிராக்டர்ல போடுங்க. ஒரு சல்லி விடாம அள்ளுங்க. பிள்ளைக்குப் பின்னாலேயே வரணும்." சூப்பர்வைசருக்கு இடம் காலியானால் போதும். ஜேசிபி அள்ளியது, மிச்சத்தைத் தெருப் பெண்கள் துடைப்பத்தால் கூட்டிச் சட்டியில் கொடுத்தார்கள். ஆட்டோவில் அபிதாவும் தாயும் முன்னால் போக, டிராக்டர் பின்னால் போனது. பஜாரில் பூ மூட்டை இறக்கிக்கொண்டிருந்த வேன் ஒன்று குறுக்கே நின்றதில் ஆட்டோ நுழைந்து போய்விட்டது, டிராக்டர் மாட்டிக்கொண்டது.

"எம்மா, அசைய மாட்டேங்கும்மா."

"தம்பி, ஆட்டோவ நிறுத்துப்பா."

"வலி கண்ட பிள்ளய வச்சுக்கிட்டு நிறுத்தச் சொல்லுதீகளே, நல்லாருக்கா?"

"நிறுத்துலே!"

நடுரோட்டில் ஆட்டோ நின்றது. பின்னால் ஹாரன் அடித்தார்கள், திட்டினார்கள். அபிதா தாயின் தோளைக் கவ்விக்கொண்டு முனகினாள். நிறுத்தியது சரியா, இதனாலேயே ஏதாவது ஆகிவிடுமா, தன் புத்தியே பிள்ளையைக் கொல்லப்போகிறதா என்று நினைத்தபடி தங்கத்தாய் வெளியே தலையை நீட்டி வந்த வழியையே பார்த்தாள். பிறகு டிராக்டரின் டடடட சத்தம் பஜார் முனையில் கேட்டது. அபிதாவின் வயிறு சேலைக்கு மேலேயே தெரிகிற மாதிரி ஒருபக்கம் எழும்பியது.

ஆஸ்பத்திரி வாட்ச்மேன், லோடு யாருக்கு என்று கேட்டார். பிள்ளைக்கு வந்தது என்றார் ஷேக் ஃபரீத். பிரசவ வார்டுக்குப் பின்சுவரை ஒட்டி நிறுத்திக்கொள்ள இடம் காட்டினார் வாட்ச்மேன். விளக்கு வைக்கிற நேரத்தில் பெண் பிள்ளை பிறந்து, தெரு வரை கேட்கிற மாதிரி அழுதது. ரப்பிஷ் பிள்ளையோடேயே வீட்டுக்குத் திரும்பி, காசிராஜன் காருக்கு வழிவிட்டு, புது அறையின் ஜன்னலுக்குக் கீழே சாக்குகளில் அடுக்கப்பட்டது. அங்கே இருக்கும் வரை பிள்ளைக்கு ஒரு சளிகூடப் பிடிக்கவில்லை.

மூன்றாம் மாதம் பிள்ளையைப் புளியங்குடிக்கு அனுப்ப வேண்டிவந்தது. தங்கத்தாய்க்குப் பழைய கலக்கம் திரும்பியது. சம்பந்தியம்மா மாரிசெல்வி எலுமிச்சை வியாபாரம் பார்க்கிறவள். ஒரு பழத்தில் கறுப்புப் புள்ளி இருந்தாலும் மூட்டையையே திருப்பி அனுப்புவாள். தொட்டில், பாத்திரம், பட்டுப்பாவாடை என்று சீர் இறங்குகிற வாசலில் ஒரு டிராக்டர் ரப்பிஷை எந்த முகத்தோடு இறக்குவது? வேண்டாம் என்றுவிட்டால் பிள்ளை என்னாகும்? சீர் வண்டிக்குப் பின்னாலேயே டிராக்டரும் புளியங்குடி போய்ச் சேர்ந்தது. மாரிசெல்வி சீரைத் தொட்டுப் பார்த்துவிட்டு டிராக்டர் பக்கம் வந்தாள். ஒரு கல்லை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாம் வந்துட்டா மைனி? அங்கன கொஞ்சம் விட்டுட்டு வந்துராதீக."

மூட்டை அடுக்குகிற கொட்டகைக்குப் பக்கத்தில் பள்ளம் ஒன்று இருந்தது. இறக்கி நிரவினார்கள்.

தங்கத்தாய் வெறும் வாசலுக்குத் திரும்பிவந்து தண்ணீர் தெளித்தாள். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினாள். மூன்றாம் நாள் அபிதா போன் செய்தாள். பிள்ளை நன்றாகப் பால் குடிக்கிறது, சிரிக்கிறது, இடது கையை மட்டும் விரிக்கவே மாட்டேன் என்கிறது. தங்கத்தாய் வாறுகாலில் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினாள். சகதிக்கு அடியில், நீலப் பெயின்ட்டோடு அரைச் செங்கல் ஒன்று தட்டுப்பட்டது. கழுவித் துண்டில் சுற்றி, கைப்பையில் வைத்துக்கொண்டு புளியங்குடி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

மாரிசெல்வி கேட்டைத் திறந்தாள். தங்கத்தாய் துண்டை அவிழ்த்துக் கல்லைக் காட்டினாள். மாரிசெல்வி பள்ளம் நிரவிய இடத்தில் மம்பட்டியால் ஒரு கொத்துக் கொத்தி இடம் விட்டாள். தங்கத்தாய் செங்கலை வைத்து மண்ணைத் தள்ளினாள். உள்ளே தொட்டிலில் பிள்ளை இடது கையை விரித்துத் தாயின் தாலிக்கொடியைப் பிடித்தது. மாரிசெல்வி காபி போடப் போனாள்.