ஹைஃபாவை மூடிய மை

1
இந்தக் கதை ஒரு கறுப்புத் திட்டில் தொடங்கியது. பழைய உலகப்படப் புத்தகம் ஒன்றில், மத்தியதரைக் கடலோரம் யாரோ மையை அப்பியிருந்தார்கள். அப்பியவருக்குப் பெயர் வைத்தேன்: சீதாராமன், துபாயில் ஒரு புத்தகக் கடையின் ஸ்டோர்கீப்பர். வருடம் 1977, எகிப்து அதிபர் இஸ்ரேலோடு சமாதானம் பேச ஜெருசலேம் போய்வந்த வாரம்.

2
முதல் வரி: பாலைவனக் காற்று சோகமாக... (வேண்டாம். கடையில் ஏ.சி. ஓடியது.)

அரபு நாடுகள் இஸ்ரேலைப் புறக்கணித்திருந்த காலம்; அந்தப் பெயர் தெரிந்தால் அங்கே புத்தகத்தை விற்க முடியாது. அதை மார்க்கரால் மறைப்பது சீதாராமனின் டியூட்டி. படத்தில் அந்த நாடே சுண்டுவிரல் நகமளவு, மார்க்கர் முனையோ தடித்தது. பெயருக்குப் பக்கத்திலிருந்த ஹைஃபா என்ற ஊரும் சேர்ந்து மறைந்துவிட்டது.

3
ஹைஃபாவில் பிறந்த பாலஸ்தீனர் சல்மா டீச்சர், வாங்கிய புத்தகத்தோடு திரும்பி வந்தார். மகளுக்குத் தன் ஊரைக் காட்டத் திறந்தால் ஊரைக் காணோம். (அவர் பேசியது ஆங்கிலம். என் கதைக்குள் வந்தால் தமிழ்தான்.)

"சாமி நல்லாத்தான் பூசியிருக்காரு டீச்சர்," என்றார் கேஷியர் கௌஸ் முகைதீன், சீதாராமனைக் காட்டி. "கடலைக்கூட விடலை."

4
இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். அச்சு மை எண்ணெயில் குழைத்தது, காகிதத்தில் இறுகிவிடும். மார்க்கர் மை ஸ்பிரிட் பட்டால் இளகும். ஆகவே துடைத்தால் ஹைஃபா திரும்பும். ஆனால் ஸ்பிரிட்டைக் குண்டூசி முனையில் தொட்டு வைத்தாலும் காகிதத்தில் பரவும். பக்கத்திலிருக்கும் இஸ்ரேல் என்ற பெயரும் கூடவே வெளிவரும். (குறியீடு தேடாதீர்கள், வெறும் ஸ்பிரிட். சரி, கொஞ்சம் தேடுங்கள்.)

வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு சீதாராமன் இதைச் சொன்னார்.

"அவங்க பேரை என் வீட்டுல நானே திறந்து வைக்கணுமா?" என்றார் டீச்சர்.

எகிப்து அதிபரே இஸ்ரேலுக்குப் போய்க் கைகொடுத்துவிட்டாரே என்று கௌஸ் சமாதானம் சொல்லப் பார்த்தார்.

"கை கொடுத்தது அவர். ஊரைக் கொடுத்தது நான்."

5
முடிவு ஒன்று: 'ரெண்டும் தெரியட்டும்' என்கிறார் டீச்சர். அடித்துவிட்டேன். எந்த ஊரையும் இழக்காத நான் அதை அவர் வாயில் திணிப்பது ரொம்பச் சுலபம்.

முடிவு இரண்டு: புத்தகத்தை மூடிக்கொண்டு போய்விடுகிறார். அதையும் அடித்தேன். வீட்டில் மகள் கேட்பாளே, அவளுக்கு அவர்...

கடைசியில் சீதாராமன் பஞ்சை நனைத்து டீச்சரிடமே நீட்டினார். அவர் வாங்கிக்கொண்டார். நான் அங்கே பேனாவை வைத்துவிட்டேன். மிச்சம் உங்களுடையது. சற்றுச் சீக்கிரம், ஸ்பிரிட் காய்ந்துகொண்டிருக்கிறது.