துரை குதிரையான ஆறு வாரம்

துரை என்கிற பதினாலு மாதக் குதிரைக்குட்டி என் வீட்டுக்காரியின் காறை எலும்பை உடைத்தான். பிரியத்தில்தான் உடைத்தான். வாளியோடு வேலிக்குள் போனவளைப் பார்த்ததும் ஓடிவந்து, பின்னங்காலில் எழுந்து, முன்னங்கால் இரண்டையும் அவள் தோளில் வைத்தான். பச்சைக் குட்டியாக இருந்த நாளிலிருந்து அவன் அவளுக்கு வணக்கம் சொல்வது அப்படித்தான். ஆனால் இப்போது எடை முந்நூறு கிலோ. நான் அப்பால் தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், எலும்பு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. மண்ணில் கிடந்தபடி அவள் முதலில் சொன்னது, "அவனை அடிச்சிடாதீங்க."

இந்தப் பண்ணையில் இருபத்திரண்டு பெண்குதிரைகள். சினையானவை ஒரு லாயம், குட்டி போட்டவை ஒரு லாயம். ஆறு மாதம் ஆனதும் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து மேற்கு வேலிக்குள் விடுவோம். முதல் இரண்டு நாள் காது கொடுக்க முடியாத கதறல், மூன்றாம் நாள் எல்லாம் மறந்து புல் மேயும். ஒரு வயது தாண்டியவை தெற்கு வேலியில், விடலைகளுக்கே உரிய ரகளையோடு. எத்தனையோ குட்டிகளை இப்படிப் படிப்படியாக ஆளாக்கிவிட்ட நான், ஒன்றில் மட்டும் மண்ணைக் கவ்வினேன்.

துரையைப் பெற்றவள் மூன்றாம் நாளே குடல் முறுக்கிச் செத்துப்போனாள். இன்னொரு தாய்க்குப் பழக்கிப் பார்த்தோம். அது விட்ட உதையில் குட்டி சுவரோரம் போய் விழுந்தது. பிறகு இரண்டு மணிக்கொரு தரம் புட்டிப்பால்தான். எங்கள் குடியிருப்பு லாயத்தை ஒட்டி இருப்பதால் அந்த வேலை என் வீட்டுக்காரிக்கு வந்து சேர்ந்தது. பால்மாவைக் கரைத்து, மணிக்கட்டில் சொட்டுவிட்டுச் சூடு பார்த்து, குட்டி குடித்து முடித்ததும் ஈரத்துணியால் வாயைத் துடைத்துவிடுவாள். "எங்களை இப்படிப் பாத்திருந்தா நாங்க எங்கேயோ போயிருப்போம்" என்று எங்கள் மூத்த மகள் போனில் குறைப்பட்டுக்கொண்டாள்.

காலைத் தோளில் வைக்கப் பழக்கியது நான். இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தாயில்லாத குட்டி சோர்ந்து நின்றது, கவிழ்த்த வாளியில் உட்கார்ந்திருந்த இவள் அதைவிடச் சோர்ந்திருந்தாள். இரண்டு பேரையும் கொஞ்சம் உற்சாகப்படுத்தலாமே என்று முன்னங்கால்களைத் தூக்கி அவள் தோளில் வைத்தேன். பத்து நாளில் முதல்முறையாகச் சிரித்தாள். குட்டி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. குதிரை வளர்க்கிறவன் கனவிலும் செய்யக் கூடாத காரியம் அது. தாய் இருந்திருந்தால், மேலே ஏறிய உடனே ஒரு கடி கடித்துப் புத்தி சொல்லியிருக்கும். ஆறு மாதத்தில் மற்ற குட்டிகளோடு விட்டபோது அவை விரட்டி விரட்டிக் கடித்தன. வேலியோரம் நின்று எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்தினான். அவள் போய் அழைத்து வந்துவிட்டாள், நானும் கண்டும் காணாமல் இருந்துவிட்டேன். தானும் எங்களில் ஒரு ஆள் என்ற நினைப்பு அவனுக்கு. துரை என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து அவளைப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். நல்ல மனிதர், கண்ணைப் பார்த்துப் பேச முடியாமல் பேசினார்.

"ஆள் மேல ஏறுற குதிரைய வச்சுக்க முடியாதுப்பா. இன்னிக்கு தோளு, நாளைக்கு யாரோட தலையோ. ஆறு வாரத்துல லாடக்காரர் குளம்பு சீவ வருவாரு. அன்னிக்கு ஒழுங்கா நின்னா இருக்கட்டும். இல்லன்னா லாரியில ஏத்திடலாம்."

அந்த லாரியில் ஏறியவை எங்கே போகும் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை.

குதிரை டாக்டர்தான் ஒரு வழி சொன்னார். அவனை அத்தையோடு விடச் சொன்னார். அத்தை என்பது குட்டி போடுவது நின்றுபோன கிழட்டுக் குதிரை. யாரையும் அண்டவிடாது, என்னையே இரண்டு முறை கடித்திருக்கிறது. பிறகு டாக்டர் என் வீட்டுக்காரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க அவன் கண்ணுல படவே கூடாதும்மா. உங்க குரல்கூட கேக்கக் கூடாது."

"எத்தனை நாளைக்கு?"

"அவன் குதிரை ஆகுற வரைக்கும்."

முதல் நாள் அத்தைக்கும் அதே வணக்கத்தை வைக்கப் போனான். அது திரும்பி நெஞ்சில் ஒன்று விட்டது. அலறியடித்துக்கொண்டு வேலிக்கு வந்து, எங்கள் வீட்டைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தான். வீட்டுக்குள் இவள் ஜன்னல்களைச் சாத்தினாள். அப்படியும் கேட்டது. ஒற்றைக் கையால் மிக்சியைப் போட்டு, ஜாரில் ஒன்றுமில்லாமல் வெறுமனே ஓடவிட்டாள். நான் அணைக்கவில்லை.

அதன்பிறகு எங்கள் வீட்டில் எல்லாம் கிசுகிசுப்புதான். முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலில் புழங்கினோம். கல்யாணமான நாளிலிருந்து நான் ஏங்கிய அமைதி கிடைத்தது, கிடைத்தபோது எனக்குப் பிடிக்கவில்லை. மூன்றாவது வாரம் துரை அத்தையின் முன் தலையைத் தாழ்த்தி, பால்குடிக் குட்டிபோல வாயைத் திறந்து திறந்து மூடினான். நான் சின்னவன், அடிக்காதே என்று குட்டிகள் பெரிய குதிரைகளிடம் சொல்கிற விதம் அது. ஓடிவந்து சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

"சாப்பிடுறானா?"

லாடக்காரர் ஒரு முற்பகலில் வந்தார். முதலாளி வேலிக்கு வெளியே நின்றார். நான் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். லாடக்காரர் முதல் காலைத் தூக்கி முழங்கால்களுக்கிடையே வைத்துச் சீவினார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது காலைத் தூக்கியபோது துரை தலையை நிமிர்த்தினான். காது இரண்டும் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பின. லாடக்காரர் கத்தியை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். வீட்டிலிருந்து சத்தம் எதுவும் இல்லை. துரை மூச்சை விட்டு, தலையைத் தாழ்த்திக்கொண்டான்.

"இருக்கட்டும்ப்பா" என்றார் முதலாளி.

நான் வீட்டுக்கு ஓடினேன். முன்னறையில் அவளைக் காணோம், சமையலறையிலும் இல்லை. பின்னால் தவிட்டு மூட்டை அடுக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, மூட்டைகளுக்கு இடையில் உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, கண்ணீர் வழிய, ஒரு துண்டை வாயில் திணித்து அழுத்திப் பிடித்திருந்தாள். உடம்பு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

"நின்னுட்டான். நாலு காலும் முடிஞ்சுது."

துண்டை எடுத்தாள். இரண்டு நாளாகச் சளி பிடித்திருந்தவளுக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. ஆறாத தோளைப் பிடித்துக்கொண்டு, குனிந்து குனிந்து இருமினாள். "அப்பவே வந்துது... அடக்கிட்டே இருந்தேன்" என்று நடுவில் சொல்ல முயன்றாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

வெளியே ஒரு கனைப்பு. நீளமாக, வீட்டை நோக்கி. அவன் குரல்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். அடுத்த இருமல் தொண்டைக்கு வந்துவிட்டிருந்தது. துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.