சலூன்காரரின் பழப்புதர்

கலைந்த எதைக் கண்டாலும் சலூன்காரருக்குக் கை அரிக்கும். திரைச்சீலையின் குஞ்சம், தூங்கும் மைத்துனரின் மீசை, எதுவும் அவரிடமிருந்து தப்பியதில்லை. இந்த மனிதர்தான் பறவைகளுக்காகப் புதர் வளர்க்கக் கிளம்பினார்.

வீட்டுக்கு முன்பக்கம் கடை, பின்பக்கம் தோட்டம். தோட்டத்தில் மனைவியின் ரோஜாச்செடிகள் இருந்தன. அவள் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, அந்த மண்ணிலேயே காலங்காலமாக விளையும் பழப்புதரை வரிசையாக நட்டுவிட்டார். குட்டிக் குட்டிச் சிவப்புப் பழம் காய்க்குமாம், குருவிகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வருமாம்.

திரும்பி வந்த மனைவி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"அடுத்த மழைக்காலம் முடியறவரைக்கும் பாப்பேன். ஒரு குருவி வந்து ஒரு பழம் தின்னணும். இல்லேன்னா உங்க புதர் குப்பைக்கு, என் ரோஜா பழைய இடத்துக்கு. அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

புதர் தளதளவென்று வளர்ந்தது. கடைக்கு விடுமுறை என்றால் கத்தரியோடு இறங்கிவிடுவார். பக்கவாட்டில் ஒட்ட வெட்டி, மேலே சமன்செய்து, தள்ளி நின்று தலையைச் சாய்த்து அழகு பார்ப்பார். கண்ணாடி காட்டாததுதான் குறை. பழம் மட்டும் வந்தபாடில்லை.

பக்கத்து வீட்டு பஸ் டிரைவரிடமும் அதே புதர்தான். தண்ணீர்கூட ஊற்றாத சோம்பேறி. அவர் வீட்டுப் புதர் பரட்டைத் தலையோடு, கிளை தெரியாமல் காய்த்துத் தள்ளியது. விடிந்தால் போதும், குருவிகளின் கூச்சல். சலூன்காரருக்கு வயிறு எரிந்தது.

"உண்மையைச் சொல்லுங்க, என்ன உரம் போடறீங்க?"

"உரமா? நான் அந்தப் பக்கமே போறதில்லைங்க."

கல்லுளிமங்கன், வாயைத் திறக்க மாட்டான் என்று முடிவுகட்டிக்கொண்டு வந்தார்.

மழைக்காலம் முடியும் தறுவாயில், வெட்டிப்போட்ட நுனிகளைக் கூட்டி அள்ளிய மனைவி முறத்தை உற்றுப் பார்த்தாள். ஒவ்வொரு நுனியிலும் கடுகளவு மொட்டுகள். அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ரோஜா வந்துவிடும். மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

மறுநாள் காலை அவர் ஸ்டூல் போட்டு மதில்மேல் கழுத்தை நீட்டி, அடுத்தவன் வீட்டுக் குருவிகளை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குப் பாவமாகிவிட்டது.

"இறங்குங்க மொதல்ல. பூக்கிறதுக்கு முன்னாடியே மொட்டையடிச்சா எங்கேருந்துங்க காய்க்கும்? இன்னும் ஒரு வருஷம் தரேன். தோட்டத்துக் கத்தரி என்கிட்ட இருக்கட்டும்."

அந்த ஒரு வருஷம் அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. புதரைப் பார்க்காமலிருக்கப் பின்கதவையே சாத்தி வைத்தார். புதர் இஷ்டத்துக்கு வளர்ந்து, பூத்து, கடைசியில் சிவந்தது.

ஒருநாள் கடைக்குள் ஒருபோதும் காலெடுத்து வைக்காத மனைவி மூச்சிரைக்க ஓடிவந்தாள். "என்னங்க, வந்துடுச்சு!"

சவரத்துக்கு உட்கார்ந்திருந்தவரைப் பாதிக் கன்னத்து நுரையோடு விட்டுவிட்டு ஓடினார். கொண்டைக்குருவி ஒன்று பழத்தைக் கொத்தி விழுங்கியது. மதிலில் எச்சமிட்டது. அடுத்த பழத்துக்குத் தாவியது. அவ்வளவுதான். சலூன்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னங்க, அழறீங்களா?"

"சேச்சே, கண்ணுல முடி விழுந்துடுச்சு."

பின்னாலேயே வந்து நின்ற வாடிக்கையாளரின் வழுக்கைத் தலையை அவள் ஒருமுறை பார்த்தாள். முந்தானையை நீட்டினாள்.