ரொட்டியைத் தட்டிய சிப்பாய்

தனிநாடு கேட்டவர்களை அடக்க அரசாங்கம் சொந்த ராணுவத்தையே எங்கள் ஊருக்குள் இறக்கியது. வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் கூடாரம் போட்டார்கள், தெருமுனையில் மணல் மூட்டை அடுக்கினார்கள், பசியெடுத்ததும் என் பேக்கரிக்கு வந்தார்கள். கடையை மூடினால் ராணுவம் கதவை உடைக்கும். திறந்தால் தனிநாட்டுப் பையன்கள் முறைப்பார்கள். அதனால் ஷட்டரைப் பாதிதான் ஏற்றி வைத்திருந்தேன். வேண்டியவன் குனிந்து வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

அதுகூடப் பரவாயில்லை. என் பயம் வேறு. என் தம்பி அதே ராணுவத்தில் இருந்தான். ஊரில் கேட்டால் கப்பலில் சமையல் வேலை என்று சொல்லி வைத்திருந்தோம். ராணுவத்தில் பிள்ளை இருக்கும் வீட்டைக் கொளுத்துவோம் என்று பையன்கள் சுவரில் எழுதியிருந்தார்கள். மூலைவீட்டைக் கொளுத்தியும் காட்டிவிட்டார்கள். அவனை மட்டும் இங்கே அனுப்பிவிடக் கூடாது என்று அம்மாவும் நானும் வேண்டாத தெய்வமில்லை. உள்ளூர்ப் பேச்சு தெரிந்த ஆள் வேண்டுமென்று அவனைத்தான் அனுப்பினார்கள்.

முகத்தில் துணி கட்டிக்கொண்டு, இன்னும் இரண்டு சிப்பாய்களோடு ஷட்டருக்கடியில் குனிந்து வந்தான். கண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"இருக்குற ரொட்டி எல்லாத்தையும் எடுத்து வைங்க" என்றான், குரலை மாற்றி. மாற்றுகிறானாம்! சளி பிடித்தவன் மாதிரி இருந்தது. வேறு நாளாயிருந்தால் சிரித்திருப்பேன்.

"சரிங்க சார்" என்றேன். நான் தோளில் தூக்கி வளர்த்தவனுக்கு சார்.

எதிர்க்கடைத் தையல்காரர் பன் வாங்க வந்து ஓரமாக நின்றிருந்தார். தெருவில் அவருக்கு ரேடியோ என்று பெயர். அவர் காதில் விழுந்தது ஊர் காதில் விழாமல் போனதில்லை.

நான் டிரேயைக் கொண்டுவந்து வைத்தேன். தம்பி ஒரு ரொட்டியை எடுத்தான். கவிழ்த்தான். அடியில் விரல்முட்டியால் தட்டி, காதோடு வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். வெந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது எல்லா பேக்கரியிலும் உண்டு. காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்பது எங்கள் அப்பா ஒருவர்தான். "ரொட்டி என்ன சொல்லுது முதலாளி?" என்று தெருவே கேலி செய்யும். அவர் கேட்டு முடித்து, வெந்திருந்தால் தலையாட்டுவார். பாவி, பழக்கதோஷத்தில் செய்துவிட்டான்.

"அட, உங்கப்பா மாதிரியே..." என்று ஆரம்பித்தார் ரேடியோ.

"கைய எடுடா! கண்டவன் கை பட்ட ரொட்டிய எவன் திம்பான்?" என்று கத்தினேன்.

மற்ற இருவருக்கும் எங்கள் பேச்சு தெரியாது, கத்தல் புரிந்தது. துப்பாக்கியைத் தூக்கினார்கள். தம்பி என்னைப் பார்த்தான். சின்ன வயதிலும் அப்படித்தான், அடிக்குப் பயந்து நான் ஒரு பொய்யை ஆரம்பித்தால் அவன் முடித்துவைப்பான். டிரேயை எட்டி உதைத்தான். சிதறிய ரொட்டிகளைப் பூட்ஸ் காலால் மிதித்தான், ஒன்றுவிடாமல். கூட வந்தவர்கள் சிரித்தபடி துப்பாக்கியை இறக்கினார்கள். அவன் திரும்பிப் பார்க்காமல் அவர்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

ரேடியோ குனிந்து ரொட்டிகளைப் பொறுக்கினார். "படுபாவிப் பய! இவனப் பெத்தவ நல்லா இருப்பாளாம்மா?"

பதிலுக்கு என் முகத்தையே பார்த்தார். நான் சொல்வதுதான் இன்றைக்கு ஊருக்கெல்லாம் ஒலிபரப்பாகும்.

"இருக்க மாட்டா, அண்ணே" என்றேன்.

உள்ளே திரைக்குப் பின்னால் மாவு பிசையும் சத்தம் நின்று போயிருந்தது.

அவர் போன பிறகு அம்மா வந்தாள். கையெல்லாம் மாவு. மிதிபட்ட ரொட்டி ஒன்றை எடுத்து மண்ணை ஊதினாள்.

"அப்பா மாதிரியே காதுல வச்சானே. அதுக்கப்புறம் உன் முதுகு மறைச்சிடுச்சு. தலையாட்டுனானா?"

"ஆட்டுனாம்மா. நல்லா வெந்திருக்குன்னு ஆட்டுனான்."

ஆட்டவில்லை. அதற்குள் நான் கத்திவிட்டேன்.