சிவப்பில் வர வேண்டிய பெயர்கள்

அவன் சித்திக்குப் பதினொரு மணிக்கு ஆபரேஷன். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்க்காமல் கத்தியைத் தொட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மணி பத்து. ஏழு மணிக்கே எடுத்துப்போன ரத்தம் என்ன ஆனதென்று வார்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வார்டில் 'அவசரம்' என்று குறித்தால் லேப் திரையில் அந்தப் பெயர் சிவப்பில் பளிச்சென்று தெரிய வேண்டும். அந்தப் புரோகிராமை எழுதிய மகாபிரபுவே அவன்தானே.

லேபுக்கு ஓடினான். லேப் அக்கா சாவகாசமாக ஒரு குழாய்க்கு மூடி போட்டுக்கொண்டிருந்தார். மூலைக் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் வரிக்கு வரி கேள்விக்குறிகள். மருந்துக்குக்கூட ஒரு தமிழ் எழுத்து இல்லை. சிவப்பும் இல்லை, பச்சையும் இல்லை, எல்லாம் ஒரே சாம்பல்.

"என்னக்கா இது?"

"ஏன், நல்லாத்தானே ஓடுது."

"பேரெல்லாம் எங்க?"

"நோயாளி பேரு வெளியாளுக்குத் தெரியக் கூடாதுன்னு நீங்கதானே மறைச்சு வெச்சிருக்கீங்க? நல்ல யோசனைன்னு டாக்டர்கிட்டகூடச் சொன்னேன் தம்பி. நாங்க குழாய் நம்பரப் பாத்து வரிசையா பண்றோம்."

வீட்டு லேப்டாப்பில் ஜம்மென்று ஓடிய புரோகிராம். அந்தத் தைரியத்தில் இங்கே போட்டுவிட்டு, ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.

"கேள்விக்குறிக்கு முன்னால அடைப்புக்குறி, முப்பத்தொண்ணுன்னு வருதே, அது என்னன்னு யாரும் கேக்கலயா?"

"அது உங்க கம்ப்யூட்டர் சமாசாரம்னு விட்டுட்டோம்."

அதுதான் சிவப்பு. சிவப்பாக மாறு என்ற கட்டளை, நிறத்தை மாற்றாமல் அப்படியே எழுத்தாக வந்து விழுந்திருக்கிறது.

"அப்போ அவசரம்னா எப்படித் தெரியும்?"

"வார்டுலேர்ந்து போன் வரும். ஒரு வாரமா அதுவும் இல்ல. நிம்மதியா இருக்கு."

எப்படி வரும்? இனிமேல் போன் வேண்டாம், திரையில் குறித்தால் போதும் என்று வார்டு வார்டாகப் போய்ச் சொன்னவன் அவன்தான்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். யூனிகோடுக்கு மாற்றினான், கேள்விக்குறிகள் போய்க் காலிக் கட்டங்கள் வந்தன. எழுத்துருவை மாற்றினான், கட்டங்கள் தமிழாயின, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக. கடைசியில் நிறத்துக்கான அமைப்பைத் திறந்துவிட்டான்.

சித்தி பெயர் சிவப்பில் வந்தது. அதற்கு மேலே இன்னும் ஆறு பெயர்கள் சிவப்பில் வந்தன. முதல் பெயரை விடிகாலை ஐந்து மணிக்கே குறித்திருந்தார்கள்.

"அடப்பாவமே," என்றார் அக்கா. அந்தச் சாவகாசமெல்லாம் போய்விட்டது. "யாரோடத முதல்ல போடட்டும் தம்பி?"

சித்தி பெயரைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவமானத்தில் காது எரிந்தது.

"மேலேர்ந்து வாங்கக்கா. எங்க சித்தி ஏழாவது."

சட்டைப்பையில் போன் அடித்தது. சித்தப்பா.

"சித்தப்பா, பதினொரு மணிக்கு நடக்காது," என்றான். "லேப் மேல தப்பில்ல. தப்பு என்னோடது."