பேப்பர் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

ஆவுடையப்பன் வீட்டு ஃபின்ச் குருவிக் கூண்டு வெளியே இரண்டடி அகலம். உள்ளே நாலு மணி நேர நடை. தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகப் போய்விடும். மனைவி கோமு கட்டுச்சோறு கட்டிக் கொடுப்பாள். அவர் குடையை எடுத்துக்கொண்டு, பால்கனியில் செருப்பைக் கழற்றிவிட்டு, கூண்டுக் கதவைத் தூக்கி உள்ளே போய்விடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் கிண்ணம் கழுவப் போகவில்லை. பெட்டையைத் தேடிப் போனார்.

முந்தின நாள் சாயங்காலம் இரை எடுக்கப் போன பெட்டை திரும்பவில்லை. நார் திணித்த சின்னப் பானையில் ஐந்து முட்டை. சேவல் ஒற்றையாளாக அடைக்கு உட்கார்ந்து சோர்ந்து கிடந்தது. பசி தாங்காமல் அதுவும் எழுந்துவிட்டால் முட்டை ஆறிவிடும். ஏற்கெனவே இரண்டு தடவை இட்டதெல்லாம் கூமுட்டையாகப் போயிருந்தது.

"இதுவும் போச்சுன்னா கூண்டை யாருக்காவது கொடுத்துருங்க," என்றாள் கோமு, அடுப்பைப் பார்த்தபடி. "மூணாவது தடவையும் அந்தப் பானையைக் கழுவ என்னால ஆகாது."

தப்பு அவருடையதுதான். கூண்டின் தரை என்பது செய்தித்தாள். சனிக்கிழமை எச்சம் பட்ட தாளை எடுத்துவிட்டுப் புதுசு விரித்தபோது பக்கங்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டார். 'மணமகள் தேவை'யில் வலது பக்கம் திரும்பினால் பானை என்று பழகிய பெட்டை இப்போது எங்கே போய்த் திரும்பும்? பழைய தாளைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார்.

நடக்க நடக்க எழுத்துகள் பெருத்தன. தலைப்புச் செய்தியில் ஓர் எழுத்தைக் கடக்க முப்பது எட்டு வைக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் தினை உமி மணல்தேரியாகக் குவிந்து கிடந்தது. மேலே கம்பிகள், ஓர் அடிவானத்தில் முளைத்து மறு அடிவானத்தில் இறங்கின. கம்பிகளுக்கு அப்பால் தெரிந்தது பாளையங்கோட்டையின் அதே வானம்தான். ஆனாலும் இங்கிருந்து அதைப் பார்க்கையில் அவர் எப்போதும் தலைத்துண்டை அவிழ்த்துவிடுவார்.

ஊஞ்சலுக்கு அடியில் தங்கப்பழம் அண்ணாச்சி நின்றார். கூண்டை இவர்களுக்கு விற்றவர். விற்ற அன்று உள்ளே இருந்தார். அப்படியே கூட வந்துவிட்டார்.

"என்னப்பா ஆவுடை, ஊரையே பிரட்டிப் போட்டுட்ட? டீ குடிக்கப் போனவன் கிரிக்கெட் பக்கத்துல நிக்கேன்."

"அவசரம் அண்ணாச்சி. பெட்டையைப் பாத்தீகளா?"

"வெள்ளை மலையில கிடக்கு. ஒரே அழுகை. நீ ஒரு பேப்பரை ஒழுங்கா விரிச்சிருந்தா எனக்கு இந்தத் தூக்கக்கேடு உண்டுமா?"

"திரும்பி வரும்போது பேசிக்கிடுவோம்."

"எந்த ரோட்டுல வருவ?"

பதினோரு மணிக்குக் கோமு தினை போட்டாள். மேகம் ஒன்றுமில்லாமல் மஞ்சள் மழை இறங்கியது. ஆவுடையப்பன் குடையை விரித்து நின்றார். ஒவ்வொரு மணியும் வெயிலை வாங்கிக்கொண்டு விழுந்து, தரையில் ஒரு தரம் துள்ளி அடங்கியது. மழைக்கும் மேலே, அவ்வளவு உயரத்தில், ஒரு கை விரிந்து மூடியது. அவருக்குத் தினமும் சோறு போடுகிற கைதான். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் குடையை மடக்காமல் நின்றார்.

குருவிகள் கொத்துவதற்காகக் கம்பியில் செருகி வைத்த கணவாய் மீன் ஓடுதான் வெள்ளை மலை. அதன் அடிவாரத்தில் பெட்டை இருந்தது. வெளியே கட்டைவிரல் அளவு. கிட்டே போகையில் கோயில் தேர். அதன் சாம்பல் நெஞ்சு ஏறி இறங்க, அந்தக் காற்று வந்து அவர் வேட்டியை அடித்தது.

ஆவுடையப்பன் பழைய தாளின் ஓரத்தை மிதித்துக்கொண்டு சுருளை உருட்டிவிட்டார். அது உருண்டது. உருண்டுகொண்டே போய், கிரிக்கெட்டை மூடி, ஊஞ்சலைத் தாண்டி, கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஓய்ந்தது. பெட்டை ஒரு கண்ணால் பார்த்தது. தலையைத் திருப்பி மறு கண்ணாலும் பார்த்தது. பிறகு அவருக்காக முதுகைத் தாழ்த்தியது.

காலையெல்லாம் நடந்த வழியை, கட்டுச்சோற்று முடிச்சை அவிழ்ப்பதற்குள் கடந்துவிட்டார்கள். கீழே பட்டதாரி, நிரந்தர வேலை, சொந்த வீடு என்று மாப்பிள்ளைகள் வயல் வயலாக விரிந்து கிடந்தார்கள். பெட்டை வலது பக்கம் திரும்பியது.

பானை வாயில் சேவலைக் காணோம். இரை எடுக்கப் போயிருந்தது. ஆவுடையப்பன் பெட்டையின் முதுகிலிருந்து சறுக்கி இறங்கினார். எட்டிப் பார்த்தார். நாருக்கு நடுவே, முட்டைகளை முந்தானையால் போர்த்திக்கொண்டு கோமு உட்கார்ந்திருந்தாள்.

"எம்புட்டு நேரம்," என்றாள். "அது பாவம், சாப்பிட்டு வரட்டும்னு மாத்திவிட்டேன். தொட்டுப் பாருங்க, சூடு குறையல."

தொட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் குடம் அளவு. ஐந்து உள்ளிருந்து மெல்லத் தட்டின. ஆறு இருந்தன.

பெட்டை அவரை ஒதுக்கிக்கொண்டு இறங்கி, ஐந்தை வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டது. ஆறாவது கோமுவின் மடியிலேயே இருந்தது. மற்றவற்றைவிடச் சற்றே பெரிது. லேசாக மஞ்சள் பூசின நிறம்.

"அங்கிட்டுக் கொஞ்சம் நகந்துக்கோ தாயி," என்று பெட்டையிடம் சொல்லிக் காலை நீட்டிக்கொண்டாள். பிறகு அவரிடம், "எனக்கு இன்னும் பதிமூணு நாள் ஆகும். தையல் கிளாஸ்ல கேட்டா, அடைக்கு உக்காந்திருக்கான்னு சொல்லிருங்க."

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் போய்ச் சொன்னார். பதிமூன்று நாள் போதுமா என்று மட்டும் கேட்டார்கள்.